அஞ்சு வருஷக்காரர்

ஆஸ்பத்திரியின் நிலத்தடித் தளத்தில் சலவைக்கூடம். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அஞ்சு வருஷம்" என்பார்கள். கூட வேலை பார்த்த நம் ஆட்கள் நாலு பேர் வைத்த பெயர் அது. வந்த புதிதில், இந்தக் குளிரில் எத்தனை காலம்தான் ஓட்டப்போகிறீர்கள் என்று அவர்களில் ஒருவன் கேட்டான். "அஞ்சே வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் இருக்கமாட்டேன்" என்று இவர் கையை விரித்துக் காட்டினார். ஐந்து வருஷம் கழித்துக் கேட்டபோதும் அதே கையை விரித்தார். பத்தாவது வருஷம் கேட்டவனுக்குக் கேள்வி முடிவதற்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது இருபத்துமூன்று ஆகிறது. வேறு மொழிக்காரர்கள் அதை அவருடைய உண்மைப் பெயர் என்றே நம்பிவிட்டார்கள். ஒருமுறை வேலைப் பட்டியலில்கூட அப்படியே எழுதி ஒட்டியிருந்தார்கள். அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இஸ்திரி உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்புகள் முகத்தில் அனல் அடிக்க வெளியே வரும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று முனைகளைப் பிடித்து, மடித்து, பத்துப் பத்தாகக் கட்டித் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு. எண்ணிக்கை சரி என்றால் அதில் ஒரு டிக். அவருடைய டிக்கை எங்கே பார்த்தாலும் சொல்லிவிடலாம். கீழே சின்னதாக ஒரு கொக்கி போட்டு, அதிலிருந்து காகிதத்தின் ஓரம் வரைக்கும் மேலே இழுத்துவிடுவார், பட்டத்துக்கு வால் வைத்த மாதிரி. வீட்டுக் காலண்டரிலும் அதே வால்தான். வாடகை கட்டிய நாள், கரண்ட் பில் கட்டிய நாள், ஊருக்குப் பணம் அனுப்பிய நாள் எல்லாவற்றிலும் ஒரு வால் பக்கத்துத் தேதிக்குள் போய் நிற்கும். "நாளைக்கு என்ன கட்டியிருக்கீங்க, கோடு அங்க வரைக்கும் போயிருக்கு?" என்று மனைவி கேலி செய்வாள்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் சூப்பர்வைசர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். தலைப்பில் பச்சையாக ஒரு குடைப் படம். வயதான காலத்துக்குச் சேமிக்கிற நிதி அது என்றும், சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து நீ போட்டால் ஆஸ்பத்திரியும் தன் பங்குக்கு ஐந்து போடும் என்றும், வேண்டும் வேண்டாம் என்பதைக் கட்டத்தில் குறித்துக் கையெழுத்துப் போடு என்றும் சொன்னார். அவர் சாயந்தரமே அதை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இவர்களுக்கு ஒன்பது வருஷம் முன்னால் வந்தவர், ஒரு குடோனில் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். நம் ஆட்களில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமலே கொண்டுவந்து அவர் சாப்பாட்டு மேஜையில் வைப்பார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதலில் உறையின் பின்பக்கத்தைப் படிப்பார். பின்பக்கத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பது அவர் கட்சி.

"மாப்ளே, இது என்னன்னா, உங்க நூறு ரூபாய்ல அஞ்சை இவனே எடுத்து வச்சுக்குவான்."

"அவங்களும் அஞ்சு போடுறாங்கன்னு சொன்னாரே மச்சான்."

"சும்மா எவன் குடுப்பான்? அறுபது, அறுபத்தஞ்சு வயசாகாம நீங்க அதத் தொடவே முடியாது. இங்கயே கிடக்கணும்னு போடுற மூக்கணாங்கயிறு இது. நீங்க இருக்கப்போறது எத்தனை வருஷம்?"

"அஞ்சு."

"அப்புறம் என்ன? ஊர்ல பேங்க்ல போட்டா பன்னெண்டு வட்டி. இவன் என்னத்தக் குடுத்துடப்போறான்? வேணாம்னு போடுங்க."

அங்கேயே, மச்சானின் பேனாவை வாங்கி, வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போட்டார். வால் குடைப்படத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நாலு வருஷம் கழித்து மனைவிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. அவளும் ஒரு நாள் அதே குடை போட்ட தாளைக் கொண்டுவந்தாள். அடுப்பில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க போடணும்?" என்றாள். அவர் விரல் வைத்துக் காட்டிய கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளிப்பு கருகுகிறதே என்று ஓடினாள். டிக்கை அவர் அப்புறம் போட்டார். இது என்ன காகிதம் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை, மனசு மாறியிருக்கிறதா என்று கேட்டு அந்தத் தாள் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் விரல், அவள் கையெழுத்து, அவர் வால்.

மிச்சம் பிடித்ததை எல்லாம் ஊர் பேங்கில் போட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு மாசம் தவறியதில்லை. வருஷக் கடைசியில் பேங்கிலிருந்து கடிதம் வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ரெட்டிப்பாச்சு, மூணு மடங்காச்சு, இப்ப எட்டு மடங்கு. எதையும் ஊர்க் காசில் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் வந்த அன்றைக்குத் தொற்றியது, விடவே இல்லை. கடையில் தக்காளியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பார். "ஊர்க் காசுல இது எவ்வளவு தெரியுமா?" என்பார். "தக்காளியப் பார்த்து வாய்ப்பாடு சொல்ற ஆள் நீங்க ஒருத்தர்தான். கூடையில போடுங்க, பின்னால ஆள் நிக்குது" என்பாள் அவள். அதே வாய்ப்பாட்டில் தன் சேமிப்பைச் சொல்லும்போது அவருக்குத் தான் பெரிய பணக்காரர் என்றே பட்டது. வெறுங்கையோடு வந்து இறங்கிய ஒருவருக்கு அந்தப் பெருமையாவது இருக்கக்கூடாதா என்ன.

மனைவிக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "உனக்கு அறுபது ஆகட்டும். அன்னையோட தரை துடைக்கிற மாப்பைத் தூக்கிக் கடாசிட்டு உக்காரு." அந்த அறுபதுக்கு இன்னும் ஐந்து மாசம்தான் இருந்தது. அவள் வலது தோள் அதற்குள்ளேயே விடைபெற்றுவிட்டது. நீளமான நடைக்கூடங்களை இப்படியும் அப்படியுமாகத் துடைத்துத் துடைத்துக் கை காதுக்கு மேலே எழும்புவதில்லை. தலை பின்ன முடியாமல் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். சமையலறையில் மேல்தட்டுகள் காலியாகிவிட்டன. பாத்திரம், டப்பா, டீத்தூள் எல்லாம் ஒவ்வொன்றாக இடுப்பு உயரத்துக்கு இறங்கி, மேடையிலும் மேஜையிலும் சப்பாத்தி தேய்க்க இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. "ரிட்டையர் ஆனா என்னம்மா செய்வே?" என்று ஒருமுறை மகள் போனில் கேட்டதற்கு, "வெயில் வந்ததுக்கப்புறம் எந்திரிப்பேன்" என்றாள். வேறு ஆசை எதையும் அவள் சொல்லி அவர் கேட்டதில்லை. பத்தொன்பது வருஷமாக நாலரை மணிக்கு அலாரம்.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் மட்டும் போனார். மச்சான் புதுக் கார் எடுத்திருந்தார். சமையலறையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு கடிதம் கண்ணில் பட்டது. எழுத்து தெரியவில்லை. பச்சைக் குடை தெரிந்தது.

"மச்சான், அது அந்தக் குடைதானே?"

"எந்தக் குடை?"

"பென்ஷன் குடை."

மச்சான் திரும்பிப் பார்த்தார். ஏதோ அன்றைக்குத்தான் அது அங்கே வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி. "ஓ, அதுவா. அது கம்பெனியா போட்டது."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்துன்னு வச்சுக்கங்களேன்."

இவர் டம்ளரை மேஜையில் வைத்தார். "என்னைய வேணாம்னு போடச் சொன்னீங்களே மச்சான்."

"உங்க கேஸ் வேற, என் கேஸ் வேற மாப்ளே. நான் இங்கயே இருக்கப்போறவன்னு எனக்குத் தெரியும். நீங்க அஞ்சு வருஷத்துல போறேன்னீங்க. போறவருக்கு எது நல்லதோ அதச் சொன்னேன்."

"இருபத்துமூணு வருஷமா போகலையே. நடுவுல ஒரு தடவை சொல்லியிருக்கக்கூடாதா?"

"எங்க சொல்ல விட்டீங்க? வரும்போதெல்லாம் ஊர்ல அஞ்சு மடங்காச்சு, ஆறு மடங்காச்சுன்னு நீங்கதானே அளந்தீங்க. நல்லா ஓடுதுன்னு நெனச்சேன். ஒரு கட்டத்துல எனக்கே பொறாமையா இருந்துச்சு, தெரியுமா?" மச்சான் சிரித்தார். "டீ ஆறுது, குடிங்க."

அவர் குடித்தார். கோபித்துக்கொண்டு எழுந்து வரத் தெரியாத மனிதர். படி இறங்கும்போது மச்சான் புதுக் காரைக் காட்டி, "உக்காந்து பாருங்க மாப்ளே" என்று சொல்ல, அதிலும் ஒருதரம் உட்கார்ந்து எழுந்தார்.

மறுநாள் இடைவேளையில் சலவைக்கூடத்தின் பின்வாசலில் நின்றுகொண்டு ஊர் பேங்குக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் எடுத்து இங்கே அனுப்பினால் எவ்வளவு வரும் என்று கேட்டார். அங்கிருந்த பையன் மரியாதையாக, ஐயா ஐயா என்று, கணக்குப் போட்டுச் சொன்னான். அவர் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று இன்னொருமுறை சொல்லச் சொன்னார். தப்பில்லை. அவர் வந்தபோது இந்த நாட்டுக் காசு ஒன்றுக்கு அங்கே அறுபது கிடைத்தது. இப்போது நானூறு. அவர் பணம் அங்கே எட்டு மடங்காக வளர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அந்தப் பணத்தின் மதிப்பு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. தக்காளிக்கு வாய்ப்பாடு சொன்ன மனிதர் இந்த வாய்ப்பாட்டைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கவே இல்லை. போட்டதுதான் கிட்டத்தட்டத் திரும்பி வரும். இருபத்துமூன்று வருஷத்தில் இங்கே வாடகை மூன்று மடங்கு ஏறியிருந்தது. இப்போது குடியிருக்கிற இரண்டு அறைக்கு, அந்தப் பணம் இரண்டரை வருஷம் வரும்.

உள்ளே மணி அடித்தது. போய் விரிப்பின் முனையைப் பிடித்தார். எதிரே நின்றவன், "என்ன அஞ்சு வருஷம், டிக்கெட் போட்டாச்சா?" என்றான். தினமும் கேட்கிறதுதான்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. மனைவி வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"மேல் மாடி துடைக்கிறவ வேலைய விட்டுட்டா தெரியுமா? அவளுக்குக் கைக்கு ஒரு தொகை, அப்புறம் சாகுற வரைக்கும் மாசாமாசமாம். குடை போட்ட லெட்டரை எல்லார்கிட்டயும் காட்டிட்டுப் போறா. ஸ்கூல்ல வேலை பார்க்கிற எல்லாருக்கும் உண்டாமே! அவ எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வந்தவ. அப்ப எனக்கு அவளவிடக் கூடத்தானே வரணும்?"

"இருக்கும்," என்றார் அவர்.

"என்ன இருக்கும்ங்கிறீங்க? ஆபீஸ்ல கேட்டுட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லிருக்காங்க. நீங்களும் வாங்க, நான் பாட்டுக்கு எதுலயாவது கையெழுத்துப் போட்டுடப்போறேன்."

வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. சொல்லிவிடலாம் என்று அவர் மூன்று தடவை வாயைத் திறந்தார். முதல் தடவை தண்ணீர் கேட்டார். இரண்டாம் தடவை மகள் போன் பண்ணினாளா என்று கேட்டார். மூன்றாம் தடவை, அவள் தோளுக்கு மருந்து தேய்த்துவிடும்போது, தொண்டை வரைக்கும் வந்தது. "இதுக்கு நல்ல டாக்டராப் பார்த்துக் காட்டணுங்க, அந்தக் காசு வந்ததும்" என்று அவளே ஆரம்பித்தாள். அவர் மருந்துக் குப்பியை மூடினார்.

பள்ளி அலுவலகம் சின்ன அறை. கண்ணாடி ஜன்னல், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அலுவலக அம்மாள் கம்ப்யூட்டரில் தேடினாள். மறுபடி தேடினாள். உங்கள் பெயரில் கணக்கு எதுவும் இல்லையே என்றாள். மனைவிக்கு இந்த ஊர் மொழி பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும். சிரித்துக்கொண்டே, இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்று கையால் காட்டினாள். அந்த அம்மாள் எழுந்துபோய் இரும்பு அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துவந்து, அதிலிருந்த தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஆறு தாள். ஆறிலும் பச்சைக் குடை. இதெல்லாம் உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டாள்.

ஆமாம் என்று மனைவி தலையாட்டினாள். முதல் கையெழுத்தில் எழுத்துகள் வட்டமாகவும் முழுசாகவும் இருந்தன. கடைசித் தாளில் தோள்வலி வந்து கோணியிருந்தது. அவள் விரல் கையெழுத்திலிருந்து மெதுவாக மேலே போனது. கட்டத்தில் வந்து நின்றது. அங்கிருந்து அந்த வாலைப் பிடித்துக்கொண்டு காகிதத்தின் ஓரம் வரைக்கும் போனது. அடுத்த தாளிலும் போனது. ஆறிலும் போனது.

அவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலுவலக அம்மாளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலை இறக்கி, இப்போதும் சேரலாம், அறுபத்தேழு வரைக்கும் வேலை செய்தால் ஏழு வருஷத்துக்கு உள்ளது கிடைக்கும், அரசாங்கம் வயதானவர்களுக்குத் தருகிற பென்ஷனும் அப்போதுதான் தொடங்கும் என்று விளக்கி, ஒரு புதுப் படிவத்தை நீட்டினாள். அவர் கை தானாக நீண்டது. மனைவி அதற்கு முந்தி வாங்கி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"ஆறு தடவை," என்றாள்.

"உங்க அண்ணன்தான் அப்ப..."

"எங்க அண்ணனா டிக் போட்டாரு?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "நாம போயிடுவோம்னு நெனச்சேன். போறப்ப அந்தப் பணம் இங்க மாட்டிக்கும்னு."

"நீங்க நெனச்சீங்க. நான் எப்பவாவது போகணும்னு சொல்லியிருக்கேனா?"

அவர் யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். இருபத்துமூன்று வருஷத்தில் அவள் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதாக நினைவு வரவில்லை. மகள் இங்கே, பேரப்பிள்ளை இங்கே. போகணுமா என்று அவளை அவர் கேட்டதாகவும் நினைவில்லை. சலவைக்கூடத்தில் உருளை ஓட்டுகிறவன், லாரி டிரைவர், மச்சான், எல்லோரிடமும் அஞ்சு வருஷம் அஞ்சு வருஷம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர், வீட்டில் இருந்தவளிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்துவிட்டார்.

"ஊர்ல பணம் இருக்கே," என்றார்.

"எவ்வளவு?"

அவர் சொன்னார். வாயில் நிறைந்து வருகிற, நீளமான தொகை. சொல்லும்போது பழக்கதோஷத்தில் குரல்கூடக் கொஞ்சம் நிமிர்ந்தது.

"இங்கத்த காசுல சொல்லுங்க."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. டிரைவர் இருவரையும் பார்த்தார்.

"ரெண்டரை வருஷ வாடகை," என்றார் அவர்.

அவள் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். பஸ் பாதிக்கு மேல் காலி. இருவர் உட்காரும் இருக்கைகளைத் தாண்டிப்போய் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள்.

வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சமைத்தாள், போட்டாள், அவர் டிபன் டப்பாவைக் கட்டி வைத்தாள். மகள் போன் பண்ணியபோது, "அறுபத்தேழு வரைக்கும் போறேன், வீட்ல சும்மா உக்காந்து என்ன செய்ய?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவர் அதைக் கேட்டார். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாளே என்று முதலில் நிம்மதியாக இருந்தது. மகளிடம்கூடச் சொல்லத் தகுதியில்லாத விஷயமாகத் தான் ஆகிவிட்டோம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. மருந்துக் குப்பியை எடுத்துக்கொண்டு போனார். "இருக்கட்டும்" என்று அதை வாங்கி, எட்டின வரைக்கும் இடது கையால் தானே தேய்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாரத்தில் அலாரம் இல்லாத ஒரே நாள், ஆனாலும் நாலரைக்கே எழுந்துவிட்டிருந்தாள். எட்டு மணிக்கு அவர் சமையலறைக்கு வந்தபோது டப்பாக்களை ஒதுக்கி மேஜையில் இடம் பண்ணிக்கொண்டு, அந்தப் படிவத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். மகளின் பள்ளிக்கூட அகராதி பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துப் பார்த்து, சில இடங்களில் பென்சிலால் மேலே தமிழில் எழுதியிருந்தாள்.

அவர் பின்னால் போய் நின்றார். எட்டிப் பார்த்தார். வேண்டும், வேண்டாம் கட்டங்கள் எங்கே இருக்கும் என்பது கண்ணை மூடிக்கொண்டும் அவருக்குத் தெரியும். அவள் விரல் அதற்கு ஒரு வரி மேலேயே தடவிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து, தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "இங்க" என்று விரலை வைத்தார்.

அவள் பேனாவின் பின்முனையால் அந்த விரலைக் காகிதத்திலிருந்து நகர்த்தினாள், விழுந்து கிடந்த பருக்கையைத் தள்ளுகிற மாதிரி.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "வெளிச்சத்த மறைக்கிறீங்க."

அவர் ஜன்னலை விட்டு விலகி நின்றார். வெயில் மேஜைமேல் விழுந்தது. அவள் விட்ட சொல்லிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.